நீர் வடித்த கப்பல்கள்: கடலூர்ப் போர் முதல் மாலே வரை

1. கேள்வி

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே, பாகூர்க் கொம்யூனின் கடலோர ஊர்களில் ஒன்று மணப்பட்டு. இந்தக் கரையை ஒட்டிய கடலில் 1783 ஜூன் 20 அன்று பிரெஞ்சு, ஆங்கிலக் கடற்படைகள் மோதின. கடலூர்ப் போர் என்று வரலாற்று நூல்கள் குறிக்கும் அந்த மோதலில் இரு தரப்பும் ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை. ஆயினும் எண்ணிக்கையில் பெரிதான ஆங்கிலப் படைதான் பின்வாங்கிச் சென்னைக்குத் திரும்பியது. அதன் தளபதி சர் எட்வர்ட் ஹ்யூஸ் சொன்ன காரணங்களுள் ஒன்று, கப்பல்களில் ஏற்பட்ட தண்ணீர்ப் பற்றாக்குறை. 159 ஆண்டுகள் கழித்து, 1942 ஏப்ரல் தொடக்கத்தில், இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியரை எதிர்பார்த்துக் காத்திருந்த பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படையும் தண்ணீரும் எரிபொருளும் குறைந்ததால் நின்ற இடத்தை விட்டு அகன்றது. 1783இன் பாய்மரக் கப்பல்களிடம் ஒரு முழுப் படைக்குக் கடல்நீரைக் குடிநீராக்கித் தரும் வழி இருக்கவில்லை. 1942இன் போர்க்கப்பல்களிலோ கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் ஆவியாக்கிகள் இருந்தன. இருந்தும் இரு படைகளும் ஒரே விதமாக விலக நேர்ந்தது ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கடற்போர் வரலாறு பெரும்பாலும் பீரங்கிகளின் எண்ணிக்கை, காற்றின் திசை, அணிவகுப்பு, தளபதியின் துணிவு ஆகியவற்றைக் கொண்டு எழுதப்படுகிறது. தண்ணீர் அதில் ஒரு வரியில் வந்துபோகும். மறுபுறம், தொழில்நுட்ப வரலாறு இதை முன்னேற்றத்தின் கதையாகச் சொல்லும்: மாலுமிகள் தாகத்தால் தவித்தார்கள், நீராவி வந்தது, கடல்நீர் குடிநீரானது, சிக்கல் தீர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் கடல்நீரை வடித்துப் பிற கலங்களுக்குத் தந்த வடிநீர்க் கப்பல்கள் இவ்விரு வரலாறுகளிலும் அடிக்குறிப்பாகவே நிற்கின்றன. கட்டப்பட்ட நாள், பணியில் சேர்ந்த நாள், ஓய்வு பெற்ற நாள் ஆகியவற்றைத் தாண்டி அவற்றைப் பற்றிப் பேசுபவர் குறைவு.

இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் இது: கடல்நீரை வடிக்கும் கலை கடற்படையைக் கரையின் கிணற்றிலிருந்து விடுவித்தது, அதே அளவுக்கு எரிபொருளோடு பிணைத்தது. சார்பு ஒழியவில்லை, இடம் மாறியது. ஒரு எடை எரிபொருளைக் கொண்டு எத்தனை எடை நன்னீர் பெறலாம் என்ற ஒற்றை விகிதத்தைப் பின்தொடர்ந்தால், வடிநீர்க் கப்பல் ஏன் பாய்மரக் காலத்தில் தோன்றவில்லை, ஏன் 1940களில் ஒரு தனி வகையாக நிலைபெற்றது, ஏன் பிறகு மறைந்தது என்ற மூன்றுக்கும் விளக்கம் கிடைக்கிறது. இன்று இதே கரையில் நிலத்தடி நீர் உவர்ப்பாகிவரும்போது அந்த விகிதம் நமக்கும் பயன்படும் அளவுகோல்.

2. 1783: கிணறு யாருடையது?

சோழமண்டலக் கரையில் பாய்மரப் போர்க்கப்பல்கள் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் கிடையாது. புதுச்சேரியும் கடலூரும் சென்னையும் திறந்த கடல் நங்கூரத் துறைகள். பெரிய கப்பல் கரையிலிருந்து விலகி நிற்கும். ஆளும் சரக்கும் அலை உடையும் பகுதியைச் சலங்குப் படகுகளில் கடந்தாக வேண்டும். தண்ணீர்ப் பீப்பாய்களும் அப்படித்தான் ஏறின. காற்று மாறினால், கடல் கொந்தளித்தால் அந்த வழி அடைபடும். வடகிழக்குப் பருவத்தில் கப்பல்கள் இக்கரையில் நிற்கவே முடியாது. அதனால்தான் 1782இன் இறுதியில் ஹ்யூஸ் பம்பாய்க்கும், பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் சுமத்ராவின் அச்சேவுக்கும் போனார்கள். வங்கக் கடலோரத்தில் எக்காலத்திலும் பாதுகாப்பான துறை திருகோணமலை ஒன்றுதான். அதை 1782 ஆகஸ்ட் இறுதியில் சுஃப்ரன் கைப்பற்றியிருந்தார். புதுச்சேரி 1778 அக்டோபரிலேயே ஆங்கிலேயர் வசமாகிவிட்டதால், 1782 ஏப்ரலில் பிடித்த கடலூரே இக்கரையில் பிரெஞ்சுக்காரரின் முதன்மைத் தளம்.

1783 ஜூன் மாதம் ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் படை கடலூரைத் தரைவழியே முற்றுகையிட்டது. ஹ்யூஸின் 18 போர்க்கப்பல்கள் கடல்வழியை அடைத்தன; முற்றுகைப் படைக்கான சரக்கும் கடல்வழியேதான் வரவேண்டியிருந்தது. சுஃப்ரன் 15 கப்பல்களோடு வந்தபோது, நகருக்குள் இருந்த பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி புஸ்ஸியின் படையிலிருந்து சுமார் 1,200 பேரை ஏற்றித் தம் கப்பல்களின் ஆள் குறையை நிரப்பினார். ஜூன் 20 மாலை நடந்த சண்டையில் இரு தரப்பிலும் ஏறத்தாழ நூறு நூறு பேர் இறந்தார்கள். அதன் பிறகு ஹ்யூஸ் சென்னைக்குத் திரும்ப, ஸ்டூவர்ட்டின் படை கடல் துணையை இழந்து நின்றது. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே பூர்வாங்க உடன்பாடு கையெழுத்தாகிவிட்டது என்ற செய்தி ஜூன் இறுதியில் வந்து சேர்ந்ததால்தான் அந்த முற்றுகை மேலும் மோசமாகாமல் முடிந்தது.

ஹ்யூஸின் முடிவை அளவுகளில் வைத்துப் பார்க்கலாம். ஒரு மாலுமிக்கு நாளொன்றுக்கு 1 கேலன், அதாவது சுமார் 4.5 லிட்டர் என்று கொண்டால், 600 பேர் கொண்ட ஒரு கப்பல் தினமும் 2.7 டன் தண்ணீரைச் செலவழிக்கும். மூன்று மாதத்துக்கு ஏறத்தாழ 245 டன். 18 கப்பல்களில் 10,000 பேர் இருந்தால் நாள்தோறும் 45 டன். இதை அலைகளினூடே பீப்பாய் பீப்பாயாகக் கரையிலிருந்து ஏற்ற வேண்டும். அதுவும் எதிரி கையில் இல்லாத கரையிலிருந்து. கடலூரின் கிணறுகள் புஸ்ஸியிடம் இருந்தன. எனவே சுஃப்ரனுக்குக் கரை ஆளும் நீரும் தரும் இடமாயிற்று. ஹ்யூஸுக்கு அதே கரை முற்றுகையிட வேண்டிய இலக்காயிற்று. நங்கூரமிட்டுக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவர் கையிருப்பு 45 டன் குறைந்தது. கப்பல்களின் எண்ணிக்கை அவருக்குச் சாதகமாக இருந்தது. நாட்களின் எண்ணிக்கை அப்படி இருக்கவில்லை.

3. விறகின் கணக்கு

அப்போது கடல்நீரை வடிக்கத் தெரியாதா என்றால், தெரியும். கடல்நீரின் ஆவி குளிர்ந்தால் நன்னீராகும் என்பதை அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே அறிந்திருந்தார்கள். 1760களின் தொடக்கத்தில் ஆங்கிலக் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், வேறு பொருள் எதையும் சேர்க்காமல் வெறுமனே காய்ச்சி வடித்தாலே போதும் என்று காட்டினார். அதே காலத்தில் பிரான்சில் மருத்துவர் புவாசோனியே கப்பலில் பொருத்தத்தக்க வடிகலனை உருவாக்கினார். 1766இல் உலகைச் சுற்றப் புறப்பட்ட பூகன்வீலின் கப்பலில் அது பயன்பட்டது. 1772இல் சார்லஸ் இர்விங் தம் கருவிக்காக பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திடம் 5,000 பவுண்டு பரிசு பெற்றார். ஜேம்ஸ் குக்கின் இரண்டாம் பயணத்தில் அக்கருவி சென்றது. 1791இல் அமெரிக்க வெளியுறவுச் செயலர் தாமஸ் ஜெஃபர்சனே கடல்நீர் வடிப்பு பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அறிவு இருந்தது, கருவி இருந்தது, அரசின் ஆர்வமும் இருந்தது. கடலூர்ப் போருக்கு 10 ஆண்டுகள் முன்பே இவற்றில் பெரும்பகுதி நடந்துவிட்டது.

தடையாக நின்றது எரிபொருள். 1 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர, அதன் தொடக்க வெப்பநிலை 25 பாகை செல்சியஸ் என்றால், சுமார் 0.3 மெகாஜூல் வெப்பம் போதும். அதை முழுதும் ஆவியாக்க மேலும் 2.26 மெகாஜூல் வேண்டும். நீரின் உள்ளுறை வெப்பம் அவ்வளவு பெரிது. காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் தரும். சிறிதும் வீணாகாமல் எரித்தால் 1 கிலோ விறகில் 6 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக நீர் வடிக்கலாம். கப்பல் அடுப்பில் மூன்றில் இரு பங்கு வெப்பம் வீணாகும் என்று கொண்டால் 2 லிட்டர்தான். ஹ்யூஸின் படைக்கு நாளுக்கு 45 டன் நீர் வடிக்க 22 டன் விறகு வேண்டும். அடுக்கிய விறகு அடைக்கும் இடத்தைக் கணக்கிட்டால் அது 45 டன் நீர் கொள்ளும் பீப்பாய்களுக்கு நிகராகவோ அதிகமாகவோ இருக்கும். தண்ணீரைச் சுமப்பதற்குப் பதிலாக விறகைச் சுமப்பதில் கப்பலுக்கு எந்த லாபமும் இல்லை. விறகையும் அதே கரையில்தான், அதே சலங்குகளில்தான் ஏற்ற வேண்டும்.

சமையலுக்காக எப்படியும் எரியும் அடுப்பின் மேல் வடிகலனைப் பொருத்தினால் மட்டுமே அந்த நீர் கூடுதல் செலவின்றிக் கிடைக்கும். புவாசோனியே, இர்விங் கருவிகளின் பயன் அந்த வரம்புக்குள் நின்றது. நோயாளிகளுக்கும் அவசரத்துக்கும் அவை உதவின. ஒரு படையைக் கரையிலிருந்து விடுவிக்க அவற்றால் முடியவில்லை. ஆகவே 1783இன் சிக்கலை அறியாமையின் விளைவாகக் காண்பது தவறு. விறகுக்கும் நீருக்குமான விகிதம் 1:2 என்று இருந்தவரை வடிநீர்க் கப்பல் என்ற எண்ணத்துக்கே பொருள் இல்லை.

4. 1868: சூலாத் துறையில் நிலக்கரி

விகிதம் மாறியதை முதன்முதலாகப் பெரிய அளவில் காட்டிய போர் இந்தியாவிலிருந்து புறப்பட்டதுதான். அபிசீனியப் பேரரசர் தெவோத்ரோஸ் சிறைவைத்தவர்களை மீட்க, பம்பாய்ப் படையின் தளபதி சர் ராபர்ட் நேப்பியர் தலைமையில் சுமார் 13,000 படைவீரர்கள் 1867-68இல் செங்கடலின் அன்னஸ்லி வளைகுடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். மதராஸ் சாப்பர்ஸ் படையும் அதில் இருந்தது. 44 யானைகளும் பல்லாயிரம் கோவேறு கழுதைகளும் ஒட்டகங்களும் உடன் சென்றன. இறங்குதளமான சூலாவில் இத்தனை உயிர்களுக்கும் போதிய நன்னீர் இல்லை. துறையில் நின்ற நீராவிக் கப்பல்களின் கொதிகலன்கள் கடல்நீரை ஆவியாக்கின. கண்டென்சர்கள் அதைக் குளிரவைத்தன. அந்த நீரே கரைக்கு வந்தது. பயணம் செய்யப் பிறந்த கப்பல் நகராமல் நின்று தண்ணீர் வடித்ததால், அதைத் தனி வகைக் கப்பல் என்று யாரும் பெயரிடாதபோதே வடிநீர்க் கப்பலின் வேலை இங்கே தொடங்கிவிட்டது.

நிலக்கரி கிலோவுக்கு ஏறத்தாழ 27 மெகாஜூல் தரும். கொதிகலனின் இழப்பைக் கழித்தாலும் 1 டன் கரிக்கு 6 முதல் 7 டன் நீர் கிடைக்கும். இப்போது எரிபொருளைச் சுமப்பது நீரைச் சுமப்பதைவிடத் தெளிவாக லாபம். ஆனால் அந்தக் கரி செங்கடலில் விளையவில்லை. அதுவும் கப்பலில்தான் வந்து சேர்ந்தது. நன்னீருக்காக எரித்த ஒவ்வொரு டன்னும் படையெடுப்பின் செலவில் ஏறியது. தொடக்கத்தில் 20 லட்சம் பவுண்டு என்று மதிப்பிட்ட அப்படையெடுப்பு 80 லட்சத்தைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு போக்குவரத்துக்கும் விலங்குகளுக்குமானது என்றாலும், நீரற்ற கரையில் ஒரு படையை நிறுத்தும் விலை எப்படிப்பட்டது என்பதை சூலா காட்டியது. 1868 ஏப்ரல் 13 அன்று மக்தலாக் கோட்டை வீழ்ந்ததும் படை விரைந்து திரும்பியது. எரித்துப் பெறும் நீரை நம்பி நீண்ட காலம் தங்குவது அதன் திட்டத்தில் இருக்கவில்லை.

அதன் பிறகு ஆவியாக்கிகள் கப்பலின் நிரந்தர உறுப்பாயின. அதற்கு மாலுமியின் தாகத்தைவிடக் கொதிகலனின் தாகமே பெரிய காரணம். உயர் அழுத்தக் கொதிகலனில் கடல்நீரை ஊற்றினால் உப்புப் படிந்து குழாய்கள் கெடும். ஆகையால் கசிவால் இழக்கும் நீரை ஈடுசெய்ய வடிநீர் வேண்டும். ஒரு கலத்தில் எழும் ஆவியின் வெப்பத்தால் அடுத்த கலத்தில் நீரை ஆவியாக்கும் பல்நிலை முறை, லூசியானாவின் கரும்புச் சர்க்கரைத் தொழிலுக்காக 1840களில் நார்பர்ட் ரில்லியு உருவாக்கியது. கரும்புச்சாறு காய்ச்சும் அந்த அறிவு கடலுக்கும் வந்தது. கரும்பு விளையும் பாகூர்ப் பகுதி வாசகருக்கு இத்தொடர்பு எளிதில் விளங்கும்: சாற்றைக் காய்ச்சும்போது ஆவியாகப் போவதைத்தான் கப்பல் பிடித்து வைத்துக்கொள்கிறது.

5. 1942: ஆவியாக்கி இருந்தும் தண்ணீர் இல்லை

எண்ணெயில் ஓடும் கப்பல்களின் காலத்தில் விகிதம் இன்னும் உயர்ந்தது. உலை எண்ணெய் கிலோவுக்குச் சுமார் 42 மெகாஜூல் தரும். ஒருநிலை வடிப்பிலேயே 1 டன் எண்ணெய்க்கு 12, 13 டன் நீர். பல்நிலையில் அதைவிட அதிகம். ஆயினும் 1942இல் கிழக்குக் கடற்படை தண்ணீருக்குத் தவித்தது. மார்ச் இறுதியில் அட்மிரல் சர் ஜேம்ஸ் சோமர்வில் தம் படையை இலங்கைக்குத் தெற்கே திரட்டினார். போர்க்கப்பலான வார்ஸ்பைட், விமானந்தாங்கிகளான இண்டாமிட்டபிள், ஃபார்மிடபிள் ஆகியவை விரைவுப் பிரிவில் இருந்தன. முதல் உலகப் போர்க் காலத்தில் கட்டிய ரெசல்யூஷன், ராமிலீஸ், ராயல் சாவரின், ரிவெஞ்ச் ஆகிய நான்கும் மெதுவான பிரிவில் இருந்தன. ஏப்ரல் 1 வாக்கில் தாக்குதல் வரும் என்று எதிர்பார்த்து மூன்று நாட்கள் கடலில் சுற்றினார்கள். எதிரி வரவில்லை. சில கப்பல்களில் எண்ணெயும், பழைய நான்கில் தண்ணீரும் குறைந்தன. ஏப்ரல் 2 இரவில் படை மாலத்தீவின் அட்டுத் தீவுக்கூட்டத்துக்குத் திரும்பியது. அதற்கிடையே குரூசர்களான டார்செட்ஷயரும் கார்ன்வாலும் கொழும்புக்கும், விமானந்தாங்கியான ஹெர்மீஸ் திருகோணமலைக்கும் அனுப்பப்பட்டன.

ஏப்ரல் 4 அன்று விரைவுப் பிரிவு அட்டுவை அடைந்த சில மணி நேரத்தில் ஜப்பானியப் படை வருவதை ஓர் உளவு விமானம் கண்டது. மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. டார்செட்ஷயரும் கார்ன்வாலும் மூழ்கி 424 பேர் மாண்டார்கள். ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது; மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மீஸ் 307 பேரோடு மூழ்கியது. அந்த நாட்களில்தான் சென்னை நகரம் பீதியில் காலியாயிற்று.

வட கடலில் குறுகிய பயணங்களுக்காக அமைத்த கப்பல்களை வெப்பமண்டலப் பெருங்கடலில், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களோடு, நாட்கணக்கில் சுற்றவிட்டால் ஆவியாக்கிகளின் உற்பத்தி மனிதனுக்கும் கொதிகலனுக்கும் சேர்த்துப் போதாது. விகிதம் சாதகமாக இருந்தும் உற்பத்தித் திறன் போதவில்லை என்பதே 1942 தரும் பாடம். ஒவ்வொரு கப்பலும் தன் தேவையைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும் என்று நம்பிய ஏற்பாட்டில் மிகப் பழைய கப்பலின் ஆவியாக்கிதான் படை முழுவதும் எவ்வளவு நாள் நிற்கலாம் என்பதைத் தீர்மானித்தது. ஒதுங்கப் போன அட்டுவோ பவளத் தீவுக்கூட்டம்; ஆறும் ஏரியும் நிறைந்த கரை அல்ல.

6. தனிக் கப்பல் பிறக்கிறது

தண்ணீருக்கென்றே ஒரு கப்பல் என்ற எண்ணம் அதற்கு முன்பே இருந்தது. பிரிட்டிஷ் கடற்படையில் அக்வேரியஸும், பிலிப்பைன்ஸில் அமெரிக்கக் கடற்படைக்காக ரெயின்போவும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்த வேலையைச் செய்தன. ஆனால் பசிபிக் போர்தான் அதை ஒரு வகையாக நிலைநிறுத்தியது. அமெரிக்கக் கடற்படை வடிநீர்க் கப்பல்களுக்கெனத் தனி வகைக்குறி கொடுத்து நான்கு கப்பல்களை அதில் சேர்த்தது: ஸ்டாக், வைல்ட்கேட், பாசிக், அபட்டான். முதல் இரண்டும் லிபர்ட்டி வகை எண்ணெய்க் கப்பல்களாகத் தொடங்கியவை. வைல்ட்கேட்டின் முந்தைய பெயர் லியோன் கோட்ஷோ; லூசியானாவின் பெரிய சர்க்கரை உற்பத்தியாளர் ஒருவரின் பெயர் அது. பாசிக்கும் அபட்டானும் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் மரின்ஷிப் தளத்தில் எண்ணெய்க் கப்பல்களாகக் கட்டப்பட்டு, 1944இல் நீரில் இறங்கியவை. இரண்டுக்கும் பிலிப்பைன்ஸ் ஆறுகளின் பெயர் சூட்டப்பட்டது. பிரிட்டிஷ் பசிபிக் கடற்படை 1944 நவம்பரில் திருகோணமலையில் உருவானபோது, அதைத் தொடர்ந்து சென்ற துணைக்கப்பல் வரிசையிலும் பேக்கஸ், ஸ்டாக்பூல் என்ற வடிநீர்க் கப்பல்கள் சேர்ந்தன.

எண்ணெய்க் கப்பலைத் தேர்ந்ததில் காரணம் உண்டு. தொட்டிகள், பம்புகள், குழாய்கள், இன்னொரு கப்பலுக்குக் குழாய்வழி ஏற்றும் வசதி எல்லாம் அதில் ஏற்கெனவே அமைந்திருக்கின்றன. அதைவிட முக்கியமானது போக்குவரத்துக் கணக்கு. அமெரிக்க மேற்குக் கரையிலிருந்து யுலித்தி போன்ற பவளத் தீவுத் தளங்களுக்கு 10 டன் தண்ணீரைக் கொண்டுவருவதா, 1 டன் எண்ணெயைக் கொண்டுவந்து அங்கேயே 10 டன்னுக்கு மேல் தண்ணீர் வடிப்பதா என்று கேட்டால் விடை ஐயத்துக்கு இடமில்லாதது. தண்ணீரை மட்டும் சுமக்கும் கப்பல் ஒருமுறை இறக்கியதும் வெறுங்கலமாகும். வடிநீர்க் கப்பலோ எண்ணெய் வந்துகொண்டிருக்கும்வரை ஊற்று. பெரிய போர்க்கப்பல்களுக்கு அதன் உதவி எப்போதாவதுதான் தேவைப்பட்டது. தரையிறங்கு கலங்கள், ரோந்துப் படகுகள், கரையில் முகாமிட்ட படைகள் ஆகியவற்றுக்குப் போதிய ஆவியாக்கி கிடையாது. 1942இல் நலிந்த கப்பலே எல்லை வகுத்தது. 1944-45இல் நலிந்த கலங்களுக்கு நீர் தரவே தனியாக ஒரு கப்பல் நின்றது. பணி வரலாற்றில் இதற்கு வீரச் செயல் என்று காட்ட ஒன்றும் இருக்காது. நங்கூரமிட்டு நின்றதும் குழாய்வழி ஏற்றிவிட்டதும்தான் அதன் போர்.

7. மறுப்புகளும் பதில்களும்

முதல் மறுப்பு: 1783இல் ஹ்யூஸை விரட்டியது தண்ணீர் இல்லை, ஸ்கர்வி நோயும் கப்பல்களின் சேதமும்தான். இதில் உண்மை உண்டு. ஸ்கர்வி வைட்டமின் சி குறைவால் வருவது; நல்ல தண்ணீர் அதைக் குணமாக்காது. ஹ்யூஸே மூன்று காரணங்களையும் சேர்த்துத்தான் சொன்னார். ஆனால் இம்மூன்றும் தனித்தனிக் காரணங்கள் இல்லை. எலுமிச்சையும் கீரையும் நன்னீரும் பாய்மரத் தண்டும் ஒரே இடத்தில், நட்பான கரையில்தான் கிடைத்தன. அந்தக் கரையை அடைய முடியாத நிலையே மூன்றிலும் வெளிப்பட்டது. தண்ணீர் மட்டுமே தீர்மானித்தது என்று இக்கட்டுரை கூறவில்லை. கரைச்சார்பே தீர்மானித்தது, அதன் மிகக் கறாரான வடிவம் தண்ணீர் என்றே கூறுகிறது. உணவுப் பங்கைப் பாதியாக்கி வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம். தண்ணீரில் அந்த இளக்கம் மிகச் சிறிது.

இரண்டாம் மறுப்பு வலுவானது: 1942இல் தண்ணீர் தீர்ந்ததே சோமர்வில்லைக் காப்பாற்றியது. ஜப்பானியத் தளபதி நகுமோவிடம் ஐந்து விமானந்தாங்கிகள் இருந்தன. பகலில் அவரை எதிர்கொண்டிருந்தால் பிரிட்டிஷ் படை அழிந்திருக்கக்கூடும். இந்த மதிப்பீட்டை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் விளைவு நன்மையானதால் காரணம் நல்லதாகிவிடாது. விலகும் நாளைத் தளபதியின் மதிப்பீடு மட்டும் தீர்மானிக்காமல் தொட்டியின் மட்டமும் தீர்மானித்தது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. அதே விலகல்தான் மூன்று கப்பல்களை இரு துறைகளுக்குப் பிரித்து அனுப்பி இழக்கவும் வைத்தது.

மூன்றாம் மறுப்பு: நான்கு கப்பல்கள், அதுவும் போரின் இறுதிக் கட்டத்தில் வந்தவை, அவை இல்லாமலும் பசிபிக் போர் அதே வழியில் முடிந்திருக்கும். இதை ஏற்கலாம். வடிநீர்க் கப்பல் போரை வென்றது என்று வாதிட ஆதாரம் இல்லை. கப்பல்களின் சொந்த ஆவியாக்கிகளும், தண்ணீர்த் தொட்டிப் படகுகளும், தீவுகளில் நிறுவிய வடிகலன்களும் சேர்ந்தே வேலையைச் செய்தன. அக்கப்பல்களின் முக்கியத்துவம் அவை பகிரங்கமாக்கிய உண்மையில் இருக்கிறது: தண்ணீர், எரிபொருளின் இன்னொரு வடிவமாகிவிட்டது. எண்ணெய் வந்தால் தண்ணீர் வரும். எண்ணெய் நின்றால் இரண்டும் நிற்கும். அப்படியானால் எண்ணெயும் கரையிலிருந்து வருவதுதானே, என்ன மாறியது என்று கேட்கலாம். மாறியது தூரம். 1783இல் கரை கண்ணுக்கு எட்டும் தொலைவில் இருக்க வேண்டியிருந்தது. 1945இல் அது ஒரு பெருங்கடலுக்கு அப்பால் இருக்கலாம். அந்தத் தூரத்தை நிரப்பிய கப்பல் தொடர் அறாதவரைதான் அது விடுதலை.

8. மறைந்த கப்பல், தொடரும் சார்பு

போருக்குப் பின் இவ்வகை மெல்ல மறைந்தது. 1964 பிப்ரவரியில் கியூபா குவாண்டானமோ தளத்துக்குத் தண்ணீரை நிறுத்தியபோது, அமெரிக்கா முதலில் கப்பலில் தண்ணீர் கொண்டுவந்தது. பிறகு சான் டியாகோவிலிருந்த ஒரு கடல்நீர் வடிப்பு ஆலையைப் பெயர்த்துவந்து கரையிலேயே நிறுவியது. அடுத்து வந்த எதிர் சவ்வூடுபரவல் முறை விகிதத்தையே புரட்டிப்போட்டது. 1,000 லிட்டர் கடல்நீரை ஒருநிலையில் காய்ச்சி வடிக்க 700 கிலோவாட் மணி அளவு வெப்பம் வேண்டும். சவ்வு முறையில் 3 முதல் 4 கிலோவாட் மணி மின்சாரம் போதும். டீசல் ஜெனரேட்டரில் அதைப் பெற 1 கிலோ அளவு டீசலே செலவாகும். 1:2 என்று தொடங்கிய விகிதம் 1:1,000ஐத் தொட்டபோது, தனிக் கப்பலுக்கான தேவை போய்விட்டது. எந்தக் கப்பலும் தன் மூலையில் ஒரு கருவியை வைத்துக்கொள்ளலாம்.

சார்பு போகவில்லை என்பதை மாலே நகரம் காட்டியது. 2014 டிசம்பர் 4 அன்று அதன் குடிநீர் ஆலையில் மின் கட்டுப்பாட்டுப் பகுதி தீப்பிடித்தது. கடல்நீரைச் சுத்திகரித்தே வாழும் அத்தீவுத் தலைநகரில் ஒரு லட்சம் பேருக்கு மேல் குழாய்நீர் இழந்தார்கள். சுற்றிலும் கடல், நிலத்தடியில் குடிக்கத்தக்க நீர் இல்லை. இந்தியா விமானங்களில் தண்ணீர் அனுப்பியது. ஐஎன்எஸ் சுகன்யா 35 டன் நீரோடும், நாளுக்கு 20 டன் தரும் இரண்டு சவ்வுக் கருவிகளோடும் சென்றது. பின்னால் ஐஎன்எஸ் தீபக் சுமார் 1,000 டன் நீரோடு போய்ச் சேர்ந்தது. சுகன்யா ரோந்துக் கப்பல், தீபக் எண்ணெய்க் கப்பல். வடிநீர்க் கப்பல் என்ற பெயர் இல்லாமல், அதே அட்டுத் தீவுக்கூட்டம் அடங்கிய நாட்டில், இந்தியக் கடற்படை அந்தப் பழைய வேலையைச் செய்தது. வேறு பாதையையும் இங்கே முயன்றார்கள்: 2007இல் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், கரைக்கு 40 கிலோமீட்டர் அப்பால் சாகர் சக்தி என்ற மிதவையில், மேற்பரப்பின் வெதுநீருக்கும் ஆழத்துக் குளிர்நீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக் கொண்டே நாளுக்கு 10 லட்சம் லிட்டர் திறனுள்ள ஆலையைச் சோதித்தது. எரிபொருளில் காய்ச்சாமலே வடிக்க முயன்ற அந்தச் சோதனையிலும் ஆழத்து நீரை மேலேற்றும் பம்புக்கு மின்சாரம் வேண்டியிருந்தது.

இதிலிருந்து மணப்பட்டுக் கரைக்கு என்ன பெறலாம்? கடலோர நிலத்தடியில் நன்னீர், கனமான உவர்நீரின் மேல் நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயர்ந்திருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை உவர்நீரைத் தள்ளி நிறுத்தும். அந்த 1 மீட்டரை ஆழ்துளைக் கிணறுகளால் உறிஞ்சிவிட்டால் கடல் உள்ளே வரும். பங்காரு வாய்க்கால் வழியே தென்பெண்ணை நீரைப் பெறும் பாகூர் ஏரி, நெல்லுக்கும் கரும்புக்கும் பாய்வதோடு இந்த மட்டத்தையும் தாங்குகிறது. எந்த எரிபொருளும் கேட்காமல் கடலை எதிர்த்து நிற்கும் ஏற்பாடு அது. கடல்நீர் ஆலை வந்தால் ஏரியும் வாய்க்காலும் அவ்வளவு முக்கியமில்லை என்ற எண்ணம் வளருமானால், கிணற்றின் பாதுகாப்பை விட்டு மின்கம்பியின் பாதுகாப்பை நம்பும் மாற்றமாகவே அது முடியும். மாலே போன்ற தீவுக்கு வேறு வழி இல்லை. பாகூருக்கு இருக்கிறது.

இதற்கு ஒரு நேர்மையான எதிர்வாதம் உண்டு: நிலத்தடி நீரும் இன்று மின் மோட்டாரால்தான் மேலே வருகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இதே கரையில் கடந்தபோது நாட்கணக்கில் மின்சாரம் போய், கிணற்றில் நீர் இருந்தும் மக்கள் தவித்தார்கள். இந்த உண்மை நம் வாதத்தைக் கூர்மையாக்குகிறது. தன் எரிபொருளைத் தானே கொண்டுவரும் கப்பல் ஒன்று புயலுக்குப் பின் சில நாட்கள் கரைக்கு அப்பால் நிற்பதன் மதிப்பை அப்போதுதான் முழுதாக உணர முடியும். பேரிடர்த் திட்டங்களில் மருத்துவக் கப்பலைப் போலவே நீர் தரும் கப்பலுக்கும், கரைக்குக் குழாய் இழுக்கும் ஏற்பாட்டுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். ஆனால் அக்கப்பலின் வரலாறு முழுதும் காட்டுவது, அது நாட்களுக்கான விடை என்பதையே. சூலாவில் சில மாதங்கள், பசிபிக் தீவுகளில் போர் முடியும்வரை, மாலேயில் ஆலை பழுது நீங்கும்வரை அது நின்றது. எங்கும் ஒரு தலைமுறைக்கு நின்றதில்லை. ஆண்டுகளுக்கான விடையை ஏரியிலும் வாய்க்காலிலும், ஆழ்துளைக் கிணறுகளுக்கு நாம் விதிக்கும் கட்டுப்பாட்டிலும்தான் தேட வேண்டும். கடல்நீர் ஆலைத் திட்டம் எதுவாயினும், ஆற்றல் நின்றுபோகும் நாளில் அதை நம்பியவர்கள் எங்கே தண்ணீர் எடுப்பார்கள் என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லட்டும். அந்தப் பதில் இல்லாத திட்டம், ஹ்யூஸின் படையைப் போல, கையிருப்பு தீரும் நாளை எண்ணிக்கொண்டு நிற்பதாகவே இருக்கும்.